1928 யோக்யகர்த்தா பெண்கள் மாநாடு: பலதார மணத்தைத் தொடாமல் விட்டது சரியா?

பழையபேப்பர் எழுதியது:

இந்தோனேசியாவில் டிசம்பர் 22 தாய்மார் நாள். பள்ளிகளில் பிள்ளைகள் அம்மாவின் காலைக் கழுவி ஆசி வாங்குவார்கள், கடைகளில் தள்ளுபடி போடுவார்கள். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு மாநாட்டில் போய் நிற்கிறோம். 1928 டிசம்பர் 22 அன்று யோக்யகர்த்தாவில், ஜோயோதிபுரான் என்ற மாளிகையில், இந்தோனேசியப் பெண்கள் சங்கங்களின் முதல் மாநாடு கூடியது. 25-ஆம் தேதி வரை நடந்தது. ஏறத்தாழ முப்பது சங்கங்கள் வந்திருந்தன. தலைமை வானிதா உதோமோ சங்கத்தின் சுகொந்தோ அம்மையார். அவரோடு தாமான் சிஸ்வா பள்ளி இயக்கத்தின் பெண்கள் பிரிவிலிருந்து நி ஹஜார் தேவந்தாரா, புத்ரி இந்தோனேசியா சங்கத்திலிருந்து சுஜாதின். சுஜாதினுக்கு அப்போது 21 வயது, பள்ளி ஆசிரியை.

இரண்டு மாதம் முன்புதான் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இளைஞர் மாநாடு கூடி ஒரே தாயகம், ஒரே இனம், ஒரே மொழி என்று உறுதி எடுத்திருந்தது. அந்தச் சூட்டோடு சூடாக நடந்த கூட்டம் இது. நான்கு நாள் பேசிவிட்டு டச்சுக் காலனி அரசாங்கத்திடம் என்ன கேட்டார்கள்? பெண்களுக்கான பள்ளிகளைக் கூட்டுங்கள். நிக்காஹ் நேரத்தில் தஅலீக் நிபந்தனையை (கணவன் தவறினால் மனைவி பிரியலாம் என்ற வாக்கு) மணப்பெண்ணுக்கு விளக்கிச் சொல்லுங்கள். அரசு ஊழியர்களின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவி கொடுங்கள். பலதார மணம் கூடாது என்று ஒரு வரி கிடையாது. மேடையில் அதைப் பற்றிப் பேச்சு காரசாரமாக நடந்தது, தீர்மானம் என்று வந்தபோது ஒதுங்கிக்கொண்டார்கள்.

என் கட்சி இதுதான்: அது பயந்த மாநாடு. மறுப்பவர்கள் வாருங்கள்.

சித்திரைப்பெண் எழுதியது:

வருகிறேன். ஆனால் நேராக 1928-க்குப் போகாமல், ஜாவாவின் பெண்கல்வி முன்னோடி கார்த்தினியிடமிருந்து தொடங்குவோம். தபால்தலையில் சிரிக்கும் கார்த்தினியைச் சொல்லவில்லை.

1879-இல் பிறந்தவர். அப்பா சொஸ்ரோனிங்ராட், ஜெப்பாராவின் மாவட்ட ஆட்சியாளர், அதாவது டச்சுக்காரர்களுக்குக் கீழே வேலை பார்த்த ஜாவானியப் பிரபு. அம்மா ங்கசிரா, சாதாரணக் குடும்பத்துப் பெண். முதலில் கல்யாணம் ஆனது ங்கசிராவோடுதான். ஆனால் அந்தப் பதவிக்கு வருகிறவரின் மனைவி பிரபு குலத்தில் பிறந்தவளாக இருக்க வேண்டும் என்பதால் மதுரா தீவின் அரச வம்சத்துப் பெண் ஒருத்தியையும் மணந்தார். வீட்டு எஜமானி அவர் ஆனார். ங்கசிரா பிள்ளைகளைப் பெற்ற பின்பும் இரண்டாம் படியிலேயே இருந்தார். (மதுரா என்றதும் நம்ம மதுரை என்று யாரும் ஓடி வர வேண்டாம். ஜாவாவுக்கு வடகிழக்கே இருக்கும் தீவு அது.)

கார்த்தினி டச்சுப் பள்ளியில் 12 வயது வரை படித்தார். அதன்பின் பிங்ஙித்தான், அதாவது கல்யாணம் ஆகும் வரை வீட்டுச் சுவருக்குள் அடைப்பு. அண்ணன் லெய்டனுக்கே படிக்கப் போனார், இவர் வீட்டில் இருந்தபடி கடிதம் எழுதினார். டச்சுப் பெண்கள் பத்திரிகை ஒன்றின் வழியாகப் பேனாத் தோழி வேண்டும் என்று கேட்டு, ஆம்ஸ்டர்டாமிலிருந்த ஸ்டெல்லா ஸீஹண்டலாரைப் பிடித்தார். அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஆண் பல பெண்களைக் கட்டிக்கொள்வதும், அதற்குப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்காததும்தான். அப்படி எழுதியவரை 1903-இல் ஏற்கெனவே மனைவிகள் இருந்த ரெம்பாங் ஆட்சியாளருக்குக் கட்டிவைத்தார்கள். 1904 செப்டம்பரில் பிள்ளை பிறந்து நான்காம் நாள் இறந்தார். வயது 25.

இந்தக் கடிதங்களை 1911-இல் தொகுத்து வெளியிட்டவர் அபெண்டனொன், காலனி அரசின் கல்வித் துறை இயக்குநராக இருந்தவர். டச்சில் வந்த புத்தகம். மலாய் மொழியில் வர 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்கல்விக்கு ஏங்கிய பெண் என்ற முகம் காலனி அரசுக்கு வசதியாக இருந்தது. அவர் பெயரில் ஹாலந்தில் நிதி திரட்டி, செமாராங் தொடங்கிப் பல ஊர்களில் கார்த்தினி பள்ளிகள் திறந்தார்கள். பள்ளிகள் நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் கல்யாணத்தைப் பற்றி அவர் வைத்த குற்றச்சாட்டு பின்னுக்குப் போய்விட்டது. பழையபேப்பர் ஐயா சொல்லும் ஒதுங்கல் 1928-இல் தொடங்கவில்லை, 1911-இலேயே தொடங்கிவிட்டது.

சுரபாயாக்காரன் எழுதியது:

ஏப்ரல் 21 கார்த்தினி நாள். சுகார்னோ 1964-இல் அவரை தேசிய வீரர் என்று அறிவித்ததிலிருந்து வருகிறது. நான் அங்கே வேலை பார்த்த காலத்தில், அன்று அலுவலகப் பெண்கள் எல்லாரும் கெபாயா என்ற பாரம்பரிய மேற்சட்டை உடுத்தி வருவார்கள், எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கொண்டை போட்டு ஊர்வலம் விடுவார்கள், சமையல் போட்டி நடக்கும். பலதார மணம் பற்றி யாரும் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

மரைக்காயர்பேரன் எழுதியது:

தஅலீக் கோரிக்கையைச் சின்ன விஷயம் மாதிரி தள்ளிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள் ஐயா.

நம்ம ஊர் நிக்காஹில் இந்த வழக்கம் இல்லாததால் பலருக்குப் புரியாது. ஜாவாவில் நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளை ஒரு வாக்கு கொடுப்பார். நான் இவளை இத்தனை காலம் விட்டுவிட்டுப் போனால், செலவுக்குக் கொடுக்காமல் இருந்தால், அடித்தால், அவள் மார்க்க நீதிமன்றத்தில் போய் முறையிட்டு, ஒரு சிறு தொகையையும் கட்டினால் தலாக் விழும் என்று. கணவன் தலாக் சொல்ல மறுத்தாலும் பெண் வெளியே வர ஒரு வாசல் அது. சிக்கல் என்னவென்றால் சடங்கோடு சடங்காக மாப்பிள்ளை அதை முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார். பெண் அந்த இடத்திலேயே இருக்க மாட்டாள், அவளுடைய வலீதான் (காப்பாளர்) உட்கார்ந்திருப்பார். தனக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல், கணவன் விட்டுப் போன பின்பும் வருஷக்கணக்கில் கட்டுண்டு கிடந்த பெண்கள் எத்தனையோ பேர். அதைப் பெண்ணுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டால், புதிய சட்டம் எதுவும் போடாமலே கையில் ஓர் ஆயுதம் கிடைக்கிறது. அதை எதிர்த்து எந்த ஆலிமும் பேச முடியாது. விவரம் தெரிந்தவர்கள் வைத்த கோரிக்கை.

அடுத்து, மேடையில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஆயிஷிய்யா இருந்தது. முஹம்மதியா என்ற இஸ்லாமிய இயக்கத்தின் பெண்கள் அமைப்பு, 1917-இல் யோக்யகர்த்தாவிலேயே தொடங்கியது, அதற்கு மூன்று வருஷம் முன்பே சொபோ த்ரெஸ்னோ என்ற பெயரில் குர்ஆன் வகுப்பாக நடந்துவந்தது. முஹம்மதியாவை நிறுவிய அஹ்மத் தஹ்லானின் மனைவி ஸித்தி வாலிதாதான் அதன் உயிர். 1919-இல் பாலர் பள்ளி, 1922-இல் கவுமான் பகுதியில் பெண்களுக்கென்றே தொழுகைக்கூடம். 1926-இல் சுரபாயாவில் முஹம்மதியா மாநாட்டு அமர்வுக்கே அந்த அம்மா தலைமை தாங்கினார், எதிரே உட்கார்ந்திருந்ததில் ஆண்களும் உண்டு. கட்டாயக் கல்யாணத்தை எதிர்த்தவர் அவர். ஆனால் பலதார மணம் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது, அதைத் தடை செய் என்று சொல்ல முடியாது என்பது ஆயிஷிய்யாவின் நிலை. மாநாட்டின் துணைத்தலைவர் ஸித்தி முன்ஜியா அந்த அமைப்பைச் சேர்ந்தவர், அதை மேடையிலேயே வாதாடினார்.

இன்னொரு பக்கம் கத்தோலிக்கப் பெண்கள் சங்கமும் அங்கே இருந்தது. அவர்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. தடைத் தீர்மானம் போட்டிருந்தால் முதல் நாளே பாதிக்கூடம் காலி. அப்புறம் இந்தோனேசியப் பெண்கள் மாநாடு என்று எதைச் சொல்வீர்கள்?

பழையபேப்பர் எழுதியது:

மரைக்காயர் பாய், தஅலீக் விளக்கம் அருமை, ஒத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒற்றுமைக்காக விட்டார்கள் என்பது என் குற்றச்சாட்டுக்கு மறுப்பு ஆகாது. என் குற்றச்சாட்டே அதுதான். ஒற்றுமைக்கு விலை கொடுத்தது யார்? மூத்தாளாகவும் இளையாளாகவும் வாழ்ந்த பெண்கள்.

தெற்குவாசல் எழுதியது:

எல்லாம் சரி. அந்த மாளிகைக்குள் உட்கார்ந்திருந்தது யார்? பிரபு குடும்பத்துப் பெண்கள், ஆசிரியைகள், அரசு உத்தியோகஸ்தர்களின் மனைவிகள். விதவை உதவித்தொகையே அரசு ஊழியர் குடும்பத்துக்குத்தானே கேட்டார்கள்? கரும்பு வெட்டியவள், தேயிலை பறித்தவள், பாத்திக் துணிக்கு மெழுகு வைத்தவள் எங்கே? பலதார மணம் மேல்தட்டின் பிரச்சினை. இரண்டாம் கல்யாணத்துக்கு விவசாயக் கூலியிடம் காசு ஏது?

நிலாமுற்றம் எழுதியது:

தெற்குவாசல் தோழர், பாதி சரி. ஏழை வீட்டில் பலதார மணம் குறைவு, ஆனால் நினைத்த மாத்திரத்தில் தலாக் சொல்வதும் சின்ன வயதில் கட்டிக்கொடுப்பதும் ஏழை வீட்டில்தான் அதிகம் அடித்தது. தஅலீக், குழந்தைத் திருமணம் இரண்டும் அங்கே பேசப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

தொழிலாளர் பக்கம் வருவதற்குத் தாமதம் ஆனது உண்மை. 1935-இல் பத்தாவியாவில் கூடிய இரண்டாம் மாநாடுதான் பெண் தொழிலாளர் நிலையை ஆராய ஒரு குழு போட்டது, எழுத்தறிவு இயக்கம் நடத்த முடிவு செய்தது. அதே மாநாட்டில்தான் தேசத்தின் தாயாக இருப்பதே இந்தோனேசியப் பெண்ணின் கடமை என்றும் தீர்மானித்தார்கள். எனக்கு அது பிடிக்காது, ஆனால் அந்தக் காலத்து அர்த்தம் வேறு. தேச உணர்வுள்ள தலைமுறையை வளர்ப்பது அரசியல் வேலை என்று சொல்லி வீட்டுப் பெண்களை வெளியே இழுக்கும் உத்தி அது. பிற்காலத்தில் சுஹார்த்தோ ஆட்சி அதையே எடுத்து, உத்தியோகஸ்தர் மனைவிகளை வரிசையில் நிறுத்தி, கணவனுக்குத் துணை நிற்பதுதான் பெண்ணியம் என்று ஆக்கியது. தாய்மார் நாளில் கால் கழுவுவதெல்லாம் அந்த வழியாக வந்ததுதான் என்பது என் எண்ணம்.

நூல்வேலி எழுதியது:

எல்லாரும் ஜாவாவைச் சுற்றியே வருகிறீர்களே, கொஞ்சம் கடல் தாண்டுங்கள்.

மேற்கு சுமத்ரா, கோத்தோ காடாங் கிராமம். ரோஹானா குடுஸ், 1884-இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர், அப்பாவிடம் வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றார், சின்ன வயதிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1911 பிப்ரவரியில் அமாய் சேத்தியா என்ற கைத்தொழில் பள்ளியைத் தொடங்கினார். பூத்தையல், லேஸ் பின்னல், எழுத்து, கணக்கு. பெண்கள் தைத்ததை டச்சுக்காரர்களுக்கு விற்றுக் காசாக்கும் ஏற்பாட்டையும் அவரே செய்தார். பெண் கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் ஊரில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? பள்ளிப் பணத்தைக் கையாடிவிட்டார் என்று புகார் கிளப்பி நீதிமன்றம் வரை இழுத்தார்கள். குற்றமில்லை என்று வெளியே வந்தார். பிறகு புக்கித்திங்கியில் தன் பெயரிலேயே வேறு பள்ளி நடத்தினார்.

1912 ஜூலையில் பதாங் நகரத்திலிருந்து சூந்திங் மெலாயு பத்திரிகை வந்தது. ஆசிரியர் ரோஹானா, கூடவே பத்திரிகை முதலாளியின் மகள் ஸுபைதா ரத்னா ஜுவிதா. எழுதியவர்களும் பெண்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்கள் கவிதையாகவும் கடிதமாகவும் எழுதி அனுப்பினார்கள். இந்த ரோஹானாவுக்குத் தேசிய வீரர் பட்டம் கொடுக்க 2019 ஆனது. (பிற்காலப் பிரதமர் ஷஹ்ரீர் இவருடைய தம்பி, ஒரே அப்பா, அம்மா வேறு. அந்த அடையாளத்தோடு மட்டும் ரோஹானாவை அறிமுகப்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.)

வேடிக்கை என்னவென்றால் ரோஹானா பிறந்த மினாங்கபாவு சமூகத்தில் வீடும் நிலமும் தாய்வழியாகத்தான் இறங்கும். கணவன் மனைவி வீட்டுக்கு வந்து போகிற விருந்தாளி மாதிரி. அப்படியும் பள்ளிக்கூடம் பெண்ணுக்குத் திறக்கவில்லை, பலதார மணமும் இருந்தது. சொத்து கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஊரைக் கொஞ்சம் படிக்கலாம்.

அடுத்து சுலவேசியின் வடக்கு முனை, மினஹாசா. கிறிஸ்தவப் பகுதி. மரியா வலண்டா மராமிஸ் 1917 ஜூலையில் மனாடோவில் பிக்காத் என்ற சங்கத்தைத் தொடங்கினார். அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை வளர்க்க அறிவு வேண்டும் என்று மிக அடக்கமாக ஆரம்பித்தது. பெண் பிள்ளைகளுக்கு வீட்டு நிர்வாகப் பள்ளி. ஆனால் மினஹாசா மன்றத்துக்குத் தேர்தல் என்று பேச்சு வந்ததும் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டார். 1921-இல் பத்தாவியாவிலிருந்து அனுமதி வந்தது.

கத்திரிவெயில் எழுதியது:

1921-லயா? அப்படியானால் இந்தோனேசியா முழுக்க அப்போதே ஓட்டு இருந்ததா?

நூல்வேலி எழுதியது:

இல்லை, அந்த ஒரு வட்டார மன்றத்துக்கு மட்டும். மற்ற இடங்களின் கதை சோகமும் சிரிப்பும் கலந்தது.

டச்சுப் பெண்கள் 1908-லேயே பத்தாவியாவில் வாக்குரிமைச் சங்கம் வைத்திருந்தார்கள். 1912-இல் பெண் வாக்குரிமைப் போராளிகளான அலெட்டா ஜேக்கப்ஸ், கேரி சாப்மன் கேட் இருவரும் உலகச் சுற்றுப்பயணத்தில் அங்கே வந்து கூட்டம் போட்டார்கள். ஆனால் அந்தச் சங்கத்துக்கு முதல் கவலை வெள்ளைக்காரப் பெண்ணின் ஓட்டு. நெதர்லாந்தில் பெண்களுக்கு 1919-இல் கிடைத்துவிட்டது. காலனியில் நகரசபை ஓட்டு, படிப்பும் வருமானமும் பார்த்து வடிகட்டிய ஆண்களுக்கு மட்டும். மக்கள் மன்றமான ஃபோல்க்ஸ்ராடில் ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது இந்தோனேசியப் பெண்கள் தங்களில் ஒருவரை எதிர்பார்த்தார்கள். 1935-இல் நியமிக்கப்பட்டவர் ரஸூ ஷூல்ட்ஸ் அம்மையார், யூரேசிய (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு) சமூகத்தவர். கடைசி வரை இந்தோனேசியப் பெண் ஒருவர்கூட அந்த மன்றத்தில் உட்காரவில்லை.

1938-இல் நகரசபைக்குப் பெண்கள் நிற்கலாம் என்றானது. பாண்டுங்கில் எம்மா புராதிரெஜா, செமாராங்கில் சுனார்யோ மங்குன்புஸ்பிதோ, சிரெபோனில் ஸ்ரீ உமியாத்தி, சுரபாயாவில் சுதிர்மான் அம்மையார், நால்வர் உள்ளே போனார்கள். ஆனால் ஓட்டுப் போட உரிமை கிடையாது! உறுப்பினராக உட்காரலாம், உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 1941 ஜூலையில் செமாராங்கில் கூடிய நான்காம் மாநாடு ஓட்டுரிமை கேட்டது, இந்தோனேசியாவுக்கு முழு நாடாளுமன்றம் வேண்டும் என்ற தேசியக் கட்சிகளின் கோரிக்கையையும் ஆதரித்தது. அந்த வருஷம் அரசு டச்சுப் பெண்களுக்கு மட்டும் கொடுக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதால் இந்தோனேசியப் பெண்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். நாடு முழுக்க ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது 1955-இல்.

கத்திரிவெயில் எழுதியது:

நன்றி அக்கா. நிற்கலாம், போடக் கூடாது என்பதை நாளைக்கு ஆபீஸில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சித்திரைப்பெண் எழுதியது:

பலதார மணத்துக்கே திரும்புவோம், ஏனென்றால் 1928-க்குப் பிறகுதான் உண்மையான சண்டை.

மாநாடு அமைத்த கூட்டமைப்பில் அதைத் தொட முடியாது என்றானதும், 1930 மார்ச்சில் பாண்டுங்கில் இஸ்த்ரி செதார் தொடங்கியது. தலைவி சுவர்னி பிரிங்கொதிக்தோ. சமரசம் தெரியாத ஆள். பலதார மணம் ஒழிய வேண்டும், பெண் விடுதலையும் நாட்டு விடுதலையும் சேர்ந்தே வரவேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். இஸ்லாமிய அமைப்புகளோடு ஓயாத மோதல். பழையபேப்பர் ஐயா, நீங்கள் தேடும் தைரியம் இங்கே இருந்தது. ஆனால் கூட்டம் சேரவில்லை. சிறிய அமைப்பாகவே கடைசி வரை இருந்தது.

1937-இல் காலனி அரசே ஒரு திருமணச் சட்ட வரைவு கொண்டுவந்தது. கட்டாயம் இல்லை, விரும்பியவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தால் ஆண் இன்னொருத்தியைக் கட்ட முடியாது, தலாக் சொல்லி அனுப்பவும் முடியாது, நீதிமன்றம் வழியாகத்தான் பிரிய முடியும். விருப்பம் இருந்தால் மட்டும் என்ற இந்தச் சட்டத்துக்கே இஸ்லாமிய அமைப்புகள் கொதித்தெழுந்தன. பள்ளிவாசல்களில் கூட்டம், தந்தி, கண்டனம். தேசியவாதிகளும் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் நம் வீட்டுக்குள் வந்து சட்டம் போடுவதா என்ற கேள்வி வந்துவிட்டது. பெண்கள் சங்கங்கள் இரண்டாகப் பிளந்தன. அரசு வரைவைத் தூக்கிப் போட்டது.

இங்கேதான் எனக்குச் சிக்கல். கேட்டது கிடைக்கும் நேரத்தில், அது யார் கையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நான் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் ஆதரித்திருப்பேன். ஆனால் எதிர்த்த பெண்களை எல்லாம் பிற்போக்கு என்று தள்ளவும் மனசு வரவில்லை.

1938-இல் பாண்டுங் மாநாடு வேறு வழி எடுத்தது. லெய்டனில் 1933-இல் சட்டம் படித்து முடித்த மரியா உல்ஃபாவிடம் விஷயத்தைக் கொடுத்து, திருமணச் சட்டத்தை ஆராயச் சொன்னது. சட்டப் பட்டம் பெற்ற முதல் இந்தோனேசியப் பெண் அவர். டிசம்பர் 22-ஐ ஆண்டுதோறும் கொண்டாடும் முடிவும் அந்த மாநாட்டில்தான்.

மரைக்காயர்பேரன் எழுதியது:

சகோதரி, ஒரு திருத்தம் மட்டும். எதிர்த்தவர்கள் எல்லாரும் நாலு கல்யாணத்துக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லை. ஷரீஅத்தைத் திருத்தும் அதிகாரம் காஃபிர் அரசாங்கத்துக்கு உண்டா என்பதுதான் ஆலிம்களின் கேள்வி. அந்த வருஷமே பல இஸ்லாமிய அமைப்புகள் ஒன்றுசேர்ந்து மியாய் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின, அதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். கேள்வி நியாயமானது. அதன் நிழலில் ஒதுங்கிய ஆண்கள் நியாயமானவர்களா என்று கேட்டால், நான் பதில் சொல்ல மாட்டேன்.

சுரபாயாக்காரன் எழுதியது:

ஒதுங்கிய ஆண்கள் என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். சுகார்னோ சிறையில் இருந்தபோதும், ஃப்ளோரெஸ் தீவுக்கும் பெங்குலுவுக்கும் நாடு கடத்தப்பட்டபோதும் குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி இங்ஙித் கர்னாசிஹ். மூலிகை மருந்தும் முகப்பவுடரும் தயாரித்து விற்றுக் காசு பார்த்தவர். ஃபத்மாவதியையும் கட்டிக்கொள்கிறேன், நீயும் இரு என்று அவர் சொன்னபோது இங்ஙித் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிந்து பாண்டுங்குக்கே போய்விட்டார். நாடு விடுதலை ஆனபோது அதிபரின் மனைவியாக நின்றது ஃபத்மாவதி. சில வருஷம் கழித்து ஹர்த்தினி வந்தார், ஃபத்மாவதி அரண்மனையை விட்டு வெளியேறினார்.

நிலாமுற்றம் எழுதியது:

அதோடு முடியவில்லை. ஹர்த்தினி கல்யாணத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த பெண்கள் அமைப்பு பெர்வாரி. அதன் தலைவி யார் தெரியுமா? இழையின் முதல் பதிவில் இருக்கும் அதே சுஜாதின். 1952-இல் அரசு ஊழியர் இறந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகளுக்கும் அரசு ஓய்வூதியம் தரும் விதி வந்தபோது, 1953 டிசம்பரில் ஜகார்த்தாவில் பெண்கள் ஊர்வலம் போனார்கள், பெர்வாரி அதில் முன்னணி. இருபத்தோரு வயதில் ஒற்றுமைக்காக ஒதுக்கி வைத்த விஷயத்தை நாற்பது தாண்டிய வயதில் நாட்டின் அதிபருக்கு எதிரேயே எடுத்தார். பயந்த மாநாடு என்று நான் சொல்ல மாட்டேன்.

பயம் இருந்தது என்றால் அதற்கும் காரணம் இருந்தது. ரசூனா சைத், மினாங்கபாவுப் பெண், ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். பேசிய குற்றத்துக்காக 1930-களின் தொடக்கத்தில் செமாராங்கில் பெண்கள் சிறையான பூலுவில் அடைத்தார்கள். 1936-இல் துண்டறிக்கை விநியோகித்ததற்காகத் த்ரிமூர்த்தி அதே சிறைக்குப் போனார், பின்னாளில் தொழிலாளர் அமைச்சர் ஆனவர். அரசியல் பேசாத மாநாடு என்று 1928-இல் காட்டிக்கொண்டார்கள்.

நூல்வேலி எழுதியது:

ரசூனா பற்றி ஒன்று. அவர் பதாங் பஞ்சாங்கில் ரஹ்மா எல் யூனுசிய்யா 1923-இல் தொடங்கிய தீனிய்யா புத்ரி பள்ளியில் ஆசிரியை. மாணவிகளுக்கு அரசியல் பாடம் வேண்டும் என்றார் ரசூனா. பள்ளிக்குள் அரசியல் வந்தால் அரசு மூடிவிடும், முதலில் பெண்கள் மார்க்கத்தையும் கல்வியையும் கற்கட்டும் என்றார் ரஹ்மா. ஒத்துவராமல் 1930-இல் ரசூனா வெளியேறினார். இருவர் பேச்சும் நடந்தது. ரசூனா சிறைக்குப் போனார். ரஹ்மாவின் பள்ளி இன்றும் நடக்கிறது, எகிப்தின் அல் அஸ்ஹர் பல்கலையின் தலைவரே 1955-இல் வந்து பார்த்துவிட்டுப் போனார். யார் சரி என்று ஓட்டெடுப்பு வைத்தால் நான் இரண்டு பக்கமும் கை தூக்குவேன்.

பழையபேப்பர் எழுதியது:

சுஜாதின் விஷயம் என் வாதத்தில் ஓட்டை போடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1928-இல் ஒதுக்கியது. 1937-இல் கைக்கு எட்டி நழுவியது. ஜப்பான்காரன் எல்லாச் சங்கங்களையும் கலைத்து ஃபுஜின்காய் என்று ஒன்றே ஒன்றை வைத்தான். விடுதலைக்குப் பிறகு வரைவு மேல் வரைவு. கடைசியில் 1974-இல் திருமணச் சட்டம் வந்தபோதும் பலதார மணம் போகவில்லை, முதல் மனைவி சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இருந்தால் செய்யலாம் என்று வைத்தார்கள். பெண்ணின் திருமண வயது 16 என்று போட்டு, 2019-இல்தான் 19 ஆக்கினார்கள். ஒத்திப்போட்டால் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தெற்குவாசல் எழுதியது:

என் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. கூலி வாங்கிய பெண்ணுக்காக விடுதலைக்கு முன்பு யாராவது பேசினார்களா, குழு போட்டதைத் தவிர?

சித்திரைப்பெண் எழுதியது:

ஒருவர் பேசினார், இத்தனை நேரம் யாரும் அவர் பெயரையே சொல்லவில்லை. தேவி சர்த்திகா, சுந்தா நாட்டுப் பெண். அப்பாவை டச்சு அரசு தெர்னாத்தேவுக்கு நாடு கடத்தியது, சிச்சலெங்காவில் மாமா வீட்டில் வளர்ந்தார். அங்கே வேலைக்காரர் பிள்ளைகளை உட்காரவைத்து, உடைந்த கூரை ஓட்டுத் துண்டில் கரியால் எழுதிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். 1904 ஜனவரி 16 அன்று பாண்டுங்கில் ஆட்சியாளர் மாளிகைக் கூடத்திலேயே பெண்கள் பள்ளியைத் திறந்தார். அப்போது கார்த்தினி உயிரோடு இருந்தார்.

மக்களின் வாழ்க்கைநிலை ஏன் சரிகிறது என்று விசாரிக்க டச்சு அரசு போட்ட குழு, 1914-இல் ஊர்ப் பெண்கள் சிலரின் கருத்துகளையும் வாங்கி அச்சிட்டது. மற்றவர்கள் பெரும்பாலும் கல்வி, கல்யாணம் என்று எழுத, தேவி சர்த்திகா அதோடு கூலியையும் எழுதினார்: ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என்று. மாநாட்டுக்கு 14 வருஷம் முன்பு.

தெற்குவாசல் எழுதியது:

இது எனக்குப் புதுசு. கம்யூனிஸ்ட் பெண்கள் பக்கம் யாராவது எழுதுங்கள். 1926 கலகத்துக்குப் பிறகு பப்புவாவின் பொவென் டிகுல் முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுக்கேசிஹ் போன்ற பெண்களும் உண்டு. அந்த மாளிகைக்குள் வர முடியாமல் போனவர்கள் அவர்கள்தான்.